வலி குறைக்கும் பம்ப் மூட்டையே கெடுக்குமா?

வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர்கள்: எலும்பு மூட்டு மருத்துவர்களும் மயக்கவியல் மருத்துவர்களும்

அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கோ வீட்டுக்கோ அனுப்பும்போது, சிலருக்குச் சின்னப் பை ஒன்றில் பந்து போன்ற பம்ப்பைக் கொடுத்தனுப்புவார்கள். பந்துக்குள் மரத்துப்போகச் செய்யும் மருந்து இருக்கும். அதிலிருந்து புறப்படும் நூல் போன்ற டியூப் தோலுக்குள் போய், வலிக்கும் இடத்திலோ அதற்குப் போகும் நரம்பின் பக்கத்திலோ முடியும். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். ரப்பர் பந்து சுருங்கும் விசையிலேயே மருந்து சொட்டுச் சொட்டாகப் போகும். இந்தப் பம்ப் பற்றி வந்த கேள்விகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை எடுத்துக்கொண்டோம்.

கே: என் மகனுக்கு 22 வயது. தோள் அடிக்கடி நழுவிக்கொண்டிருந்ததால் சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் ஆர்த்ரோஸ்கோப்பி மூலம் சரிசெய்தார்கள். வலிக்காமல் இருக்க இரண்டு நாள் பந்து பம்ப் வைத்திருந்தார்கள். ஆறு வாரம் நன்றாகத்தான் இருந்தான். இப்போது மூன்றாவது மாதம். கையைத் திருப்பினால் உள்ளே நறநறவென்கிறது, வலியும் கூடிக்கொண்டே போகிறது. பம்ப் வைத்தால் குருத்தெலும்பு கரைந்துவிடும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?

ப: உண்மைதான், ஆனால் எல்லாப் பம்புக்கும் பொருந்தாது. டியூப்பின் நுனி மூட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்தால்தான் இந்த ஆபத்து. முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். பம்ப் வைத்தார்களா என்பதை மட்டும் கேட்டால் பாதி பதில்தான் கிடைக்கும்.

இந்தக் கோளாறுக்குக் காண்ட்ரோலைசிஸ் என்று பெயர். மூட்டின் இரு பக்க எலும்புகளையும் மூடியிருக்கும் குருத்தெலும்பு சில மாதங்களிலேயே தேய்ந்து காணாமல் போகும். சாதாரண மூட்டுத் தேய்மானத்துக்குப் பல பத்தாண்டுகள் ஆகும். இது 20, 25 வயதுப் பிள்ளைகளுக்கு ஓராண்டுக்குள் வந்துவிடுகிறது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், அட்ரினலின் கலந்த புப்பிவகைன் என்ற மரப்பு மருந்தை மூட்டுக்குள் பம்ப் வழியாகப் பெற்ற 19 தோள்களில் 12 தோள்கள் இப்படிக் கெட்டிருந்தன. சிறிய ஆய்வுதான், அதனால் எல்லா இடத்திலும் இதே விகிதம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் மருத்துவர்கள் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தது அதற்குப் பிறகுதான். 2009 நவம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 35 நோயாளிகளின் விவரத்தை வைத்து எச்சரிக்கை விட்டது. அவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் தோளில்தான் அறுவை நடந்திருந்தது. மருந்து 48 முதல் 72 மணி நேரம் போயிருந்தது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மறுபடி அறுவை தேவைப்பட்டது. மூட்டுக்குள் தொடர்ந்து செலுத்துவதற்கு என்று எந்தப் பம்புக்கும் தாங்கள் அனுமதி தந்ததில்லை என்பதையும் எஃப்.டி.ஏ. அப்போது சொன்னது. மரப்பு மருந்துகளின் விவரச் சீட்டிலும் எச்சரிக்கை ஏறியது.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்குக் கணக்கைப் பாருங்கள். 0.25% புப்பிவகைனில் மில்லிக்கு 2.5 மில்லிகிராம் மருந்து. மணிக்கு 5 மில்லி என்று 48 மணி நேரம் ஓடினால் 240 மில்லி, அதாவது 600 மில்லிகிராம். தோள் மூட்டுக்குள் இயல்பாக இருக்கும் திரவம் ஓரிரு மில்லி. ஊசி போட்டு நிரப்பினாலும் 10, 15 மில்லிக்கு மேல் பொதுவாகக் கொள்ளாது. அந்தச் சிறிய அறைக்குள் இரண்டு நாள் இடைவிடாமல் மருந்து ஊறினால், குருத்தெலும்புச் செல்கள் அதிலேயே மூழ்கிக் கிடக்கும். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் என்பது, முழு உடம்புக்கும் சொல்லப்படும் 24 மணி நேர உச்சவரம்பான 400 மில்லிகிராமுக்குக் கீழேதான் இருக்கிறது. இதயத்துக்கும் மூளைக்கும் ஒன்றும் ஆகாது என்று பார்த்து வகுத்த அளவு அது. குருத்தெலும்பைப் பற்றி அப்போது யாரும் கணக்குப் போடவில்லை.

குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது. மூட்டுத் திரவத்திலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. அதில் செல்கள் சொற்பம். செத்தால் அந்த இடத்தில் புதிதாக முளைக்காது. மரப்பு மருந்து அந்தச் செல்களுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. மருந்தின் அடர்த்தி கூடக்கூட, நேரம் நீள நீள, சாவும் கூடுகிறது. அட்ரினலின் சேர்த்த மருந்து இன்னும் அமிலத்தன்மை கொண்டது. குருத்தெலும்பில் நரம்பும் இல்லாததால் செல்கள் சாகும்போது எதுவும் வலிக்காது. செல் செத்த பிறகும் அது கட்டிய பின்னல் சில வாரம் தாக்குப்பிடிக்கும். பராமரிக்க ஆள் இல்லாமல் அது உதிர்ந்து, கீழே இருக்கும் எலும்பு வெளியே தெரியும்போதுதான் வலி தொடங்கும். ஆறு வாரம் நன்றாக இருந்து பிறகு வலிப்பதற்கு இதுவே விளக்கம். இரண்டாவது மாதத்திலேயே வலி, இறுக்கம் தொடங்கலாம் என்று மருந்துச் சீட்டுகளும் சொல்கின்றன.

இருந்தாலும் பழியை முழுக்கப் பம்ப் மேல் போட்டுவிட்டு மற்றதைத் தேடாமல் விட்டுவிடாதீர்கள். தையலைப் பிடித்துக்கொள்ள எலும்பில் பதித்த ஆங்கர் என்ற சிறு ஆணி தலை நீட்டிக்கொண்டு எதிர்ப்பக்கத்தைச் சுரண்டலாம். அறுவையில் பயன்படுத்தும் ரேடியோ அலைக் கருவியின் சூட்டிலும் செல்கள் சாகும். மெதுவாகக் கனன்றுகொண்டிருக்கும் கிருமித் தொற்றும் இதே முகத்தோடு வரும். பிந்தியது ஒன்றுதான் மருந்தில் குணமாகக் கூடியது, எனவே முதலில் தேட வேண்டியதும் அதுதான். இந்த வாரமே அறுவை செய்த மருத்துவரைப் பாருங்கள்.

கே: என் மனைவிக்கும் தோளில் அறுவை, அதே பந்து பம்ப். ஆனால் டியூப் கழுத்துப் பக்கம் போகிறது. அவளுக்கும் மூட்டு போய்விடுமா?

ப: போகாது. அது நரம்பின் அருகே வைத்த கதீட்டர், அதாவது மெல்லிய டியூப். தோளுக்கும் கைக்கும் போகும் நரம்புக் கற்றை கழுத்தின் பக்கவாட்டில் இரண்டு தசைகளுக்கு நடுவே ஓடுகிறது. அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே அதன் பக்கத்தில் நுனியை வைப்பார்கள். மருந்து மூட்டை எட்டிப்பார்ப்பதே இல்லை. பந்து, டியூப், மருந்து மூன்றும் ஒன்றாகவே இருக்கலாம். நுனி இருக்கும் இடம்தான் வேறு.

இதற்கென்று வேறு தொந்தரவுகள் உண்டு. அந்தப் பக்கக் கண்ணிமை கொஞ்சம் தொங்கும், குரல் கம்மும், மூச்சு முழுதாக இழுக்க முடியாத மாதிரி இருக்கும். கண்ணிமைக்கும் குரல்வளைக்கும் உதரவிதானத்துக்கும் போகும் நரம்புகளும் பக்கத்திலேயே இருப்பதால் அவையும் சேர்ந்து மரத்துப்போவதே காரணம். மருந்து நின்றதும் சரியாகிவிடும். ஏற்கெனவே நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு மட்டும் இது விளையாட்டில்லை. அவர்களுக்கு இப்படி நரம்பை மரக்கச் செய்யும் நரம்பு பிளாக் வேண்டுமா என்பதை மயக்க மருத்துவர் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினால், டியூப்பை அடைக்கும் கிளாம்ப்பை மூடிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

கே: டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘சப்அக்ரோமியல் கதீட்டர்’ என்று எழுதியிருக்கிறது. இது மூட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?

ப: வெளியே. தோள் முகட்டு எலும்புக்கும் தசைநார்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளி அது. மூட்டுக்கும் அதற்கும் நடுவே ரொட்டேட்டர் கஃப் என்ற தசைநார் விரிப்பு தடுப்பாக நிற்கிறது. அந்த விரிப்பு முழுக்கக் கிழிந்திருந்தால் தடுப்பு ஓட்டையாகிவிடும், மருந்து உள்ளே கசியலாம். தைத்த பிறகும் நீர் புகாத அளவுக்கு அடைபட்டுவிடும் என்று உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் பல மருத்துவர்கள் இந்த இடத்தையும் தவிர்த்துவிட்டு நரம்பு பிளாக்குக்குப் போய்விடுகிறார்கள். உங்களுக்குக் கிழிசல் இருந்ததா என்பதை ஆபரேஷன் நோட்டில் பாருங்கள். கிழிசல் இல்லையென்றால் கவலைப்பட இதில் ஒன்றுமில்லை.

கே: முழங்கால் வலிக்கு ஸ்டீராய்டு ஊசி போடும்போது மரப்பு மருந்தும் கலந்துதானே போடுகிறார்கள்? அப்படியானால் அதுவும் குருத்தெலும்பைத் தின்னுமா?

ப: ஒரே ஊசியில் போகும் சில மில்லி மருந்து மூட்டுத் திரவத்தில் கலந்து நீர்த்துப்போகும், பிறகு ரத்தத்தில் உறிஞ்சப்பட்டு வெளியேறிவிடும். இரண்டு நாள் இடைவிடாத ஊறலோடு அதை ஒப்பிட முடியாது. ஆய்வகத்தில் செல்கள் மேல் ஒரு தடவை ஊற்றினாலும் சேதம் தெரிகிறது என்பது நிஜம். எஃப்.டி.ஏ. எச்சரிக்கையோ தொடர்ந்து செலுத்துவதைப் பற்றியது. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒன்று என்று ஆண்டுக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டே போவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. அதற்கு ஸ்டீராய்டே போதுமான காரணம். ஊசி போடத்தான் வேண்டும் என்றால், 0.5% புப்பிவகைனுக்குப் பதில் அடர்த்தி குறைந்த ரோபிவகைன் என்ற இன்னொரு மரப்பு மருந்து போதுமா என்று கேட்கலாம். ஆய்வகச் சோதனைகளில் அது செல்களிடம் கொஞ்சம் தயவாக நடந்துகொள்கிறது. ‘கொஞ்சம்’ என்பதை மறக்க வேண்டாம்; எச்சரிக்கைப் பட்டியலில் ரோபிவகைன், லிக்னோகைன் எல்லாமே இருக்கின்றன.

கே: அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை. மூட்டைச் சுற்றி நிறைய மரப்பு மருந்து போட்டோம் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

ப: மாற்று அறுவையில் தேய்ந்த குருத்தெலும்பை வெட்டியெடுத்துவிட்டு உலோகமும் பாலிஎத்திலீனும் பொருத்துகிறார்கள். கெட்டுப்போகக் குருத்தெலும்பு அநேகமாக மிச்சமில்லை. நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது அம்மா விழாமல் இருப்பதை. தொடை நரம்பு பிளாக் இருந்தால் தொடைத் தசை வலுவிழந்து முழங்கால் சட்டென்று மடங்கும். பிளாக் விடும்வரை துணையில்லாமல், வாக்கர் இல்லாமல் கழிவறைக்குக்கூட அனுப்பாதீர்கள்.

கே: தோள் இறுகிப்போனால் ‘ஃப்ரோஸன் ஷோல்டர், தானாகச் சரியாகிவிடும்’ என்கிறார்கள். காண்ட்ரோலைசிஸ் என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: இரண்டையும் குழப்பிக்கொண்டு மாதக்கணக்கில் பிசியோதெரபி செய்பவர்கள் நிறைய. கையைத் தூக்க முடியாது, வெளிப்பக்கம் திருப்ப முடியாது, இரவில் வலி: இவை இரண்டிலும் உண்டு. வேறுபாடு சத்தத்தில் தெரியும். உறைந்த தோளில் மூட்டைச் சுற்றியுள்ள உறைதான் சுருங்கியிருக்கிறது, உள்ளே வழவழப்பு அப்படியே இருக்கும். காண்ட்ரோலைசிஸில் மூட்டு அசையும்போதே மணல் அரைபடுவது போல நறநறக்கும். கையைத் தோளின் மேல் வைத்துக்கொண்டு இன்னொருவர் மெல்ல அசைத்தால் உள்ளங்கைக்கே தெரியும். இன்னொன்று, உறைந்த தோளில் வலி முதலில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு மெல்லத் தணிந்து இறுக்கம் மட்டும் நிற்கும். இதிலோ பயிற்சி செய்யச் செய்ய வலி கூடும்.

எக்ஸ்ரே எடுக்கும்போது எந்த வியூ என்பது முக்கியம். நேராக நிற்கவைத்து மார்பைப் படம் எடுப்பது போல எடுத்தால் தோள் மூட்டின் இடைவெளி சரியாகத் தெரியாது, ஏனென்றால் தோள்பட்டை எலும்பு சாய்வாக இருக்கிறது. உடம்பைச் சற்றுத் திருப்பி மூட்டுக்கு நேராக எடுக்கும் ‘கிராஷி’ வியூவும், அக்குள் வழியாக எடுக்கும் ஆக்ஸிலரி வியூவும் வேண்டும். முடிந்தால் மற்றத் தோளையும் எடுத்து ஒப்பிட வேண்டும். இடைவெளி ஒரு மூலையில் மட்டும் குறையாமல் சுற்றிலும் ஒரே சீராகக் குறைந்திருக்கும். வயதானவர்களின் தேய்மானத்தில் வரும் எலும்பு முட்கள் ஆரம்பத்தில் இருக்காது. எக்ஸ்ரேயைப் படிப்பவருக்கு அறுவை விவரம் தெரியாவிட்டால், முள் இல்லையே என்று ‘இயல்பு’ என எழுதிவிடக் கூடும். எம்.ஆர்.ஐ.யில் இரு பக்கக் குருத்தெலும்பும் மெலிந்து, கீழே எலும்பில் வீக்கம் தெரியும். முதல் சில வாரங்களில் எடுத்த எம்.ஆர்.ஐ. நன்றாக இருந்ததென்று நிம்மதியாகிவிட வேண்டாம். வலி தொடர்ந்தால் இரண்டு, மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.

கிருமித் தொற்று இல்லை என்பதை உறுதிசெய்ய ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகளோடு, மூட்டில் ஊசி குத்தித் திரவம் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கக் கல்ச்சர் வைக்க வேண்டும். தோளில் ஒளிந்திருக்கும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னீஸ் என்ற கிருமி மிக மெதுவாக வளரும். ஐந்து நாளில் கல்ச்சரைத் தூக்கிப் போட்டுவிட்டால் ‘கிருமி இல்லை’ என்றே ரிப்போர்ட் வரும். 14 நாள் வைத்திருக்கும்படி ஆய்வகத்துக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். திரவம் எடுக்கும் முன் ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிட்டாலும் கிருமி பிடிபடாமல் போகலாம். அந்தக் கிருமி இருந்தால் ரத்தப் பரிசோதனைகள்கூட இயல்பாக இருக்கலாம் என்பது கூடுதல் தலைவலி.

கே: காண்ட்ரோலைசிஸ் என்று உறுதியாகிவிட்டது. வயது 27. என்ன செய்யலாம்? பயிற்சி செய்தால் குருத்தெலும்பு திரும்ப வளருமா?

ப: வளராது. போன குருத்தெலும்பைத் திருப்பித் தரும் சிகிச்சை இன்றுவரை கிடையாது. மாத்திரை, பொடி, ஊசி என்று யாராவது உறுதி சொன்னால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் அசைவைக் காப்பாற்றுவது, வலியைக் குறைப்பது, பெரிய அறுவையைத் தள்ளிப்போடுவது ஆகிய மூன்றும் செய்யக் கூடியவை.

பயிற்சியில் பொதுவாக நடக்கும் தவறு, கையைப் பிடித்து வலுக்கட்டாயமாக இழுத்து நீட்டுவது. உறைந்த தோளுக்கு அது ஒத்துப்போகலாம். எலும்போடு எலும்பு உரசும் மூட்டில் அது வீக்கத்தையும் வலியையும்தான் கிளப்பும். வலி தொடங்கும் எல்லைக்குள் கையை ஊசலாட்டுவது, தண்ணீருக்குள் அசைப்பது, மூட்டை அசைக்காமலேயே தசையை இறுக்கித் தளர்த்துவது போன்றவை போதும். பயிற்சிக்குப் பின் வந்த வலி மறுநாள் காலையிலும் அப்படியே இருந்தால் அளவு அதிகம் என்று பொருள், பாதியாகக் குறையுங்கள். தலைக்கு மேல் சுமை தூக்குவது, தண்டால், பந்தை ஓங்கி அடிப்பது ஆகியவற்றை நிறுத்தத்தான் வேண்டும்.

வலி மாத்திரைகள், எப்போதாவது ஒரு ஸ்டீராய்டு ஊசி ஆகியவை நாள்களைக் கடத்த உதவும். ஆர்த்ரோஸ்கோப்பி மூலம் உள்ளே சுத்தம்செய்து, இறுகிய உறையை விடுவித்து, நீட்டிக்கொண்டிருக்கும் ஆங்கரையோ தளர்ந்த நூலையோ எடுத்தால் சிலருக்கு அசைவு கூடும். பலருக்கு அந்த நிவாரணம் நீடிப்பதில்லை. ஆங்கர்தான் உரசுகிறது என்றால் மட்டும் அதைத் தாமதிக்கக் கூடாது, ஏனென்றால் ஒவ்வொரு அசைவிலும் அது சுரண்டிக்கொண்டிருக்கும்.

கடைசியில் நிற்பது மூட்டு மாற்று. வலியைப் போக்குவதில் அதற்கு இணை இல்லை. ஆனால் 27 வயதில் வைத்தால், தோள்பட்டை எலும்பின் குழிப்பக்கம் பொருத்திய பிளாஸ்டிக் துண்டு வாழ்நாளுக்குள் தளர்ந்துபோக வாய்ப்பு அதிகம். மறுபடி ஒருமுறை, ஒருவேளை அதற்கு மேலும் திறக்க வேண்டிவரும். ஒவ்வொரு தடவையும் எலும்பு குறையும். கை எலும்பின் உருண்டைத் தலையை மட்டும் மாற்றும் அரை மாற்றில் அந்தத் துண்டு இல்லை, ஆனால் குழிப்பக்க எலும்பு தேய்ந்து வலி திரும்புவது உண்டு. இரண்டிலும் இழப்பு இருக்கிறது. எக்ஸ்ரே எவ்வளவு மோசம் என்பதை வைத்து நாள் குறிக்காதீர்கள். தூக்கம் கெடுகிறதா, வேலைக்குப் போக முடிகிறதா என்பதை வைத்து முடிவெடுங்கள். கருத்துக் கேட்பதானால் தோள் மாற்று அறுவையைத் தொடர்ந்து செய்துவரும் ஒருவரிடம் கேளுங்கள்.

கே: எனக்கு 2006-இல் தோளில் பம்ப் வைத்தார்கள். இதுவரை ஒன்றுமில்லை. இனி வருமா?

ப: வராது என்றே எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கோளாறு பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள் தலைகாட்டிவிடும். இத்தனை ஆண்டு கழித்துத் தோள் வலித்தால், வயதுக்குரிய வேறு காரணத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கே: ஐஸ் தண்ணீர் சுற்றும் மெஷின், தோலில் பட்டை ஒட்டி லேசான மின்சாரம் கொடுக்கும் டென்ஸ் மெஷின் இவையும் மூட்டைக் கெடுக்குமா?

ப: மூட்டைக் கெடுக்காது. தோலைக் கெடுக்கலாம். பிளாக் போட்டு மரத்துக் கிடக்கும் இடத்தில் குளிர் உறைத்தாலும் தெரியாது. அதனால் குளிர்ப் பட்டைக்கும் தோலுக்கும் நடுவே துணி வையுங்கள், 20 நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சாக வைக்காதீர்கள், எடுத்ததும் தோலின் நிறத்தைப் பாருங்கள். வெளுத்தோ, நீலம் பாய்ந்தோ, கொப்புளித்தோ இருந்தால் நிறுத்துங்கள். டென்ஸ் பட்டையைத் தையல் மேலும் மரத்த தோல் மேலும் ஒட்டக் கூடாது. பேஸ்மேக்கர் உள்ளவர்கள் இதய மருத்துவரிடம் கேட்காமல் அதைத் தொடவே வேண்டாம்.

கே: நரம்பு பிளாக் பம்ப்போடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் ஆகியும் பந்து சுருங்கவே இல்லை. வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ப: முதல் 24 மணி நேரத்தில் பந்தின் அளவில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது சகஜம். 400 மில்லி பந்திலிருந்து மணிக்கு 4 மில்லி போனால் ஒரு நாளில் 96 மில்லிதான் குறையும். பிறகு வெளிப்பையில் சுருக்கம் விழும், நடுவிலுள்ள குச்சி துருத்திக்கொண்டு தெரியும். வலியும் கூடி, பந்தும் அப்படியே இருந்தால் வரிசையாகப் பாருங்கள்: கிளாம்ப் திறந்திருக்கிறதா, டியூப் மடங்கியிருக்கிறதா, வழியில் இருக்கும் சிறிய ஃபில்டர் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார்களா, ஐஸ் பட்டை ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் துண்டின் மேல் இருக்கிறதா. அந்தத் துண்டு தோலோடு ஒட்டியிருக்க வேண்டிய மாதிரி என்றால் தோலின் சூட்டுக்கேற்பவே அதன் வேகம் கணக்கிடப்பட்டிருக்கும். குளிர்ந்தால் மருந்து மெதுவாகும், சூடானால் வேகமாகும். வெந்நீர்ப் பையை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பந்தைப் பிசையவும் கூடாது.

எதிர்பார்த்ததற்கு வெகு முன்னதாகவே பந்து காலியாகிவிட்டால் அதையும் உடனே சொல்லுங்கள். பந்தை உரிய அளவுக்குக் குறைவாக நிரப்பினால் சுருங்கும் விசை கூடி மருந்து வேகமாகப் போய்விடும். பார்த்தால் நேர்மாறாகத் தோன்றும், ஆனால் ரப்பரின் இயல்பு அது.

மருந்து ரத்தத்தில் அதிகமாகச் சேர்ந்தால் வாயில் உலோகச் சுவை, உதட்டைச் சுற்றி மரப்பு, காதில் இரைச்சல், தலைசுற்றல், பேச்சுக் குழறல், தசைத் துடிப்பு வரும். இவற்றில் எது வந்தாலும் கிளாம்ப்பை மூடிவிட்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், பந்தையும் கையோடு கொண்டுபோங்கள். ‘மரப்பு மருந்து ஓடிக்கொண்டிருந்தது’ என்பதை வாசலிலேயே சொல்லுங்கள். இதற்கென்று 20% கொழுப்புக் கரைசல் ஒன்றை ரத்தக் குழாயில் ஏற்றுவார்கள். காரணம் தெரியாவிட்டால் அது யாருக்கும் தோன்றாமல் போகலாம்.

எடுக்கும் நாளில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒட்டைப் பிரித்து, தோலுக்கு அருகில் டியூப்பைப் பிடித்து, ஒரே சீராக மெல்ல இழுங்கள். வழுக்கிக்கொண்டு வர வேண்டும். ரப்பர் மாதிரி நீண்டாலோ, சுரீரென்று வலித்தாலோ நிறுத்துங்கள். கையின் நிலையை மாற்றி அரை மணி கழித்துப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் மருத்துவமனைதான். வெட்டவே கூடாது. வெளியே வந்ததும் நுனியிலுள்ள நிற அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு துண்டு உள்ளே தங்கியிருக்கலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள், எந்த நேரத்தில் எடுப்பது என்று கேட்ட பிறகே கை வைக்க வேண்டும்.

கே: அடுத்த மாதம் எனக்குத் தோள் அறுவை. மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும்? கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயக்கம்.

ப: கோபித்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. “வலிக்கு என்ன ஏற்பாடு? டியூப் வைப்பீர்களா? வைத்தால் நுனி மூட்டுக்குள்ளா, நரம்புப் பக்கமா?” என்று கேளுங்கள். மூட்டுக்குள் என்று பதில் வந்தால், “மூட்டுக்குள் வேண்டாம் டாக்டர், நரம்பு பிளாக் போடுங்கள்” என்று சொல்லி, அதை ஒப்புதல் படிவத்திலும் எழுதச் சொல்லுங்கள். மயக்க மருத்துவரிடமும் அதே வார்த்தைகளைத் திரும்பச் சொல்லுங்கள். ஒருவரிடம் சொன்னது மற்றவர் காதுக்குப் போகாமல் விட்டுப்போவது வழக்கமான சங்கதி.

டியூப்பே இல்லாமல், ஒரே தடவை போடும் நரம்பு பிளாக்கும் பல அறுவைகளுக்குப் போதும். புப்பிவகைனோ ரோபிவகைனோ போட்டால் அரை நாளுக்கு மேல் தாங்கும். சிக்கல் அது விடும் நேரத்தில்தான். நடு இரவில் மரப்பு சட்டென்று விட்டு, வலி ஒரேயடியாகப் பாயும். கை உணர்வு திரும்பி விறுவிறுக்கத் தொடங்கியதும், ஏன், அதற்கு முன்பே மாத்திரையை ஆரம்பித்துவிட வேண்டும். எழுதித் தந்த பாராசிட்டமாலை வலித்தால் மட்டும் என்று வைத்துக்கொள்ளாமல் நேரம் தவறாமல் போடுங்கள். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண் இல்லையென்றால் அதோடு வீக்கம் குறைக்கும் மாத்திரையும் சேர்ப்பார்கள். மரத்த கையைக் கட்டித் தூக்கிவைத்திருக்கும்போது முழங்கை எதிலாவது அழுந்திக் கிடக்கிறதா என்றும் அவ்வப்போது பாருங்கள், அதுவும் வலித்துச் சொல்லாது.

கே: பழைய அறுவையில் டியூப் எங்கே வைத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘பெயின் பம்ப்’ என்று மட்டும் இருக்கிறது.

ப: டிஸ்சார்ஜ் சம்மரி சுருக்கம்தான். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை ஆபரேஷன் நோட், மயக்க மருத்துவப் பதிவு, நர்ஸ்களின் மருந்துப் பதிவு ஆகிய மூன்றும். ஆபரேஷன் நோட்டின் கடைசி நாலைந்து வரிகளைப் படியுங்கள். தையல் போடும் முன் கதீட்டர் எதன் வழியாக எங்கே வைக்கப்பட்டது என்பது அங்கேதான் இருக்கும். ‘இன்ட்ரா ஆர்ட்டிகுலர்’ அல்லது ‘கிளீனோஹ்யூமரல்’ என்றிருந்தால் மூட்டுக்குள். ‘இன்டர்ஸ்கேலீன்’ என்றால் கழுத்து நரம்பு. மருந்தின் பெயர், சதவீதம், அட்ரினலின் சேர்த்ததா, மணிக்கு எத்தனை மில்லி, எத்தனை மணி நேரம் ஆகியவை மற்ற இரண்டு பதிவுகளிலிருந்து கிடைக்கும். பம்ப்பின் பெட்டியிலிருந்து கிழித்து ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தால் அதில் மாடலும் லாட் எண்ணும் இருக்கும், அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கே: எனக்கு நரம்பு பிளாக் பம்ப். மூன்று நாள் என்று சொன்னார்கள். பந்தில் இன்னும் கால்வாசி மருந்து இருக்கிறது, வலியும் இல்லை. வீணாக்குவானேன், இன்னும் இரண்டு நாள் வைத்துக்கொள்ளலாமா?

ப: வேண்டாம். நாள் ஏற ஏற டியூப் நுழையும் இடத்தில் கிருமி சேரும் வாய்ப்பும் ஏறும். சொன்ன நாளில் எடுத்துவிடுங்கள். மிச்ச மருந்தை வேறு யாருக்கும், வேறு எதற்கும் பயன்படுத்தாமல், பந்தோடு அப்படியே மருத்துவமனையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.